ஆற்றுக்கு விட்ட காணி

அக்கா கனடாவிலிருந்து வந்தது வீடு கட்டுவதற்காக. அவள் நினைத்த இடத்தில் அந்த வீட்டைக் கட்ட முடியாது என்று சொல்லவேண்டிய வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் உள்ளூராட்சிச் சபையில், திட்டமிடல் பகுதியில் இருக்கிறேன். எந்தக் காணியில் எதைக் கட்டலாம், வீதியிலிருந்து எவ்வளவு விட்டுக் கட்டவேண்டும், எங்கே கட்டவே கூடாது என்று பார்ப்பது எங்கள் வேலை. சனத்துக்கு ‘ஏலாது’ என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது. ஆனால் அக்காவுக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை இழுத்து, இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்.

குடாநாட்டில் ஆறு என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ஊருக்குப் பின்னால் ஓடுவதை வெளியூர்க்காரர் பார்த்தால் வாய்க்கால் என்பார்கள். கோடையில் அதில் தண்ணீரே இருக்காது. புல் முளைத்திருக்கும், ஆடு மேயும். மாரியில்தான் அது ஆறு. வயல்களிலும் குறுகிய ஒழுங்கைத் தெருக்களிலும் விழுந்த மழையெல்லாம் அதில் வந்து சேர்ந்து, கரையோரத்து மருத மரங்களுக்கும் தாழம் பற்றைகளுக்கும் இடையால் மெல்ல மெல்ல நகர்ந்து கடல்நீரேரிக்குப் போகும். போகிற வழியில் ஒரு பங்கை நிலம் குடித்துவிடும். கோடையில் எங்கள் கிணறுகளில் ஊறுவது அந்தத் தண்ணீர்தான்.

போர் முடிந்து சனம் திரும்பி வந்தபிறகு கரையோரக் காணிகள் கைமாறத் தொடங்கின. டிப்பரில் மண் வந்தது. பள்ளக் காணிகள் மேடாகின. மதில்கள் எழும்பின. தாழையை வெட்டி எரித்தார்கள். நீர்க்கோழிகள் ஒதுங்கியிருந்த பற்றைகள் இருந்த இடம் தெரியாமல் போயின. ஒவ்வொரு மாரிக்கும் வெள்ளம் முன்பு போகாத வீடுகளுக்குள் போகத் தொடங்கியது. மேட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை, அவர்களுக்கு மேலேயும் கீழேயும் இருந்தவர்களுக்குத்தான். கடைசியில் சபை ஒரு முடிவுக்கு வந்தது. ஆற்றின் இரண்டு கரையிலும், ஒரு தென்னை நெடுக்காக விழுந்தால் எவ்வளவு தூரம் பிடிக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவுக்கு, கட்டடம் கூடாது, மண் நிரப்பக் கூடாது, மதில் கூடாது. நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின் வரைவில் அந்த ஒதுக்கத்தைப் பச்சை நிறத்தில் போட்டோம். கரை முழுக்க நாடாவோடு நடந்து அதை அளந்தவர்களில் நானும் ஒருத்தி.

அக்காவின் சீதனக் காணியில் பின்பாதி அந்தப் பச்சைக்குள் விழுந்தது.

அதை அவளுக்குத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் அளந்துகொண்டிருந்த மாதங்களில் அத்தான், அக்காவின் கணவர், ரொறன்ரோவில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அத்தான் குருநகர்ப் பிள்ளை. கடலுக்குப் போகிற குடும்பம், கத்தோலிக்கர். எங்கள் வீடு மிஷன் பள்ளிக்கூடமும் ஞானப்பாட்டுப் புத்தகமுமாக வளர்ந்த புரட்டஸ்தாந்து வீடு. அவர் அக்காவைக் கேட்டு வந்தபோது அப்பா நெடுநாள் இணங்கவில்லை. பிறகு அத்தானின் சிரிப்புக்கு மசிந்துபோனார். தண்ணீர் பக்கத்தில் இல்லாவிட்டால் அத்தானுக்கு நித்திரை வராது. கனடாவில் எத்தனையோ பெரிய ஏரிகளைப் பார்த்தவர், எங்கள் ஆற்றை மட்டும் விடாமல் பகிடி பண்ணுவார். “உங்கடை வாய்க்கால் கரையிலை எனக்கொரு வீடு இருந்தால் காணும்” என்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தபடி, கட்டம் போட்ட தாளில் அந்த வீட்டைக் கீறினார். அக்கா அதைக் கைத்தொலைபேசியின் முன்னால் பிடித்து எனக்குக் காட்டுவாள். பின்னால் இருந்து அவருடைய குரல் வரும்.

“கோப்பை கழுவேக்கை உன்ரை அக்காவுக்கு ஆறு தெரியவேணும். குசினி யன்னலை அந்தப் பக்கம் வைச்சிருக்கிறன், பாத்தியோ?”

“ஓம் அத்தான், வடிவா இருக்கு” என்றேன்.

அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

அவர் போய் ஓராண்டு கழிந்து, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அக்கா வந்தாள். தாதியாக வேலை செய்து இளைப்பாறியவள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். காலில் வெள்ளைச் சப்பாத்து. பயணக் களைப்புத் தீரும் முன்பே “காணியைப் பாத்திட்டு வருவம்” என்றாள். என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறியிருந்து, வழி நெடுக என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வளவு காய்ந்து கிடந்தது. முன்னால், ஒழுங்கைப் பக்கம் பூவரசு வேலி. பின்னால் போகப் போக நிலம் மெல்லச் சரிந்து மருத மரங்களில் முடிந்தது. அக்கா அத்தானின் தாளை விரித்து, நிலத்தில் நடந்து நடந்து அறைகளை வைத்தாள். இது விறாந்தை, இது செப அறை, இது படுக்கிற அறை. மருத மரங்களுக்குக் கிட்டப் போய் நின்றாள்.

“உதிலைதான் குசினி. என்னடி, பேசாமல் நிக்கிறாய்?”

“அக்கா, உதிலை கட்ட ஏலாது.”

“பள்ளம் எண்டு சொல்லுறியோ? மண் போட்டு நிரப்பலாம்.”

“மண்ணும் நிரப்ப ஏலாது. அது ஆத்துக்கு விடுற இடம். புதுத் திட்டம் வருது. இந்த வளவின்ரை பின்பாதியிலை ஒண்டும் எழுப்பக் கூடாது.”

“ஆர் சொன்னது?”

“சபை.”

“சபை எண்டால் ஆர்?”

“நானும்தான்” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ஆற்றின் பக்கம் பார்த்தாள். அங்கே தண்ணீர் இல்லை. இரண்டு ஆடுகள் நின்றன.

“நீதானே உந்தப் படங்களுக்குக் கையெழுத்து வைக்கிறனி?”

“என்ரை அக்கான்ரை காணி எண்டபடியால் இதை நான் தொடவும் ஏலாது. எழுதிக் குடுத்திட்டு விலகி நிக்கிறன். வேறை ஆக்கள்தான் பாப்பினம். ஆனால் ஆர் பாத்தாலும் ஏலாது எண்டுதான் சொல்லுவினம்.”

“அவர் செத்துப்போனார் எண்டு உங்கடை சபைக்குத் தெரியுமோ?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். திரும்பி வரும்போது என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அவள் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். என் கணவரோடு நன்றாகக் கதைத்தாள், என் மகளோடு சிரித்தாள். எனக்கு மட்டும் அளந்து பேசினாள். ஆனால் மீன் குழம்பு வைத்த நாளில் தலைத்துண்டை எப்போதும்போல என் சோற்றுக் கோப்பையில்தான் போட்டாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போட்டாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தின்றேன்.

வரைவைப் பற்றிச் சனத்தின் கருத்தைக் கேட்க ஊர் வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். கதிரைகள் போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். என் குடும்பத்துக் காணியும் இந்தப் பச்சைக்குள் இருக்கிறது, ஆகவே தனித்தனிக் காணிகளைப் பற்றிய முடிவுகளில் நான் இருக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் படத்தை விளக்கினேன். பெரும்பாலும் முணுமுணுப்புத்தான். பரம்பரைக் காணி, உறுதி இருக்கிறது, ஆறு என்று ஒன்று இருக்கிறதா, அது வாய்க்கால்தானே, கொக்குக்கு வீடு கட்டவா நாங்கள் காணி வைத்திருக்கிறோம். எல்லாம் வந்தது.

அக்காவின் காணிக்கு அடுத்த வளவில் இருப்பவர் இளைப்பாறிய ஓர் ஆசிரியை. ஊரில் எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் ஒருகாலத்தில் பஸ் ஓட்டியவர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அன்றைக்கு எங்கள் திட்டத்துக்கு ஆதரவாக எழும்பியவர் ரீச்சர் ஒருவர்தான்.

“எங்கடை வீடு பழைய வீடு, ஆத்துக்கு எட்டத்தான் கட்டினது. முந்தி வெள்ளம் வாறேல்லை. எங்களுக்குக் கீழ்ப்பக்கத்துக் காணியிலை மண் போட்டு மதில் கட்டின பிறகுதான் வாசற்படி வரைக்கும் வருது. எனக்கெண்டால் ஓட ஏலும். இவருக்கு ஏலாது. அவ்வளவுதான் நான் சொல்லுறது.”

அவர் கதிரையில் இருந்த பிறகு மண்டபம் கொஞ்சம் அடங்கியது. அப்போது பின்வரிசையில் அக்கா எழும்பினாள்.

“நான் வெளிநாட்டிலையிருந்து வந்தனான். வெளிநாட்டுக்காரர்தான் கரையைக் கெடுக்கினம் எண்டு இஞ்சை கதைச்சவை. கதைக்கட்டும். நான் ஒண்டு கேக்கவேணும். எங்கடை அப்பா பிள்ளையள் எல்லாருக்கும் ஒழுங்கையும் வேணும், ஆறும் வேணும் எண்டு காணியை நெடுக்காப் பிரிச்சவர். நீளம் இருக்கு, அகலம் இல்லை. இந்தக் கரையிலை முக்கால்வாசிக் காணி அப்பிடித்தான். முன்னாலை வீதிக்கு விடு எண்டு வெட்டுறியள். பின்னாலை ஆத்துக்கு விடு எண்டு வெட்டுறியள். ரெண்டு பக்கத்தாலையும் விடு எண்டுறியள். நடுவிலை நான் நிண்டுகொண்டே நித்திரை கொள்ளுறதோ?”

மண்டபம் சிரித்தது.

“சிரிக்காதேங்கோ. ஆறு வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. ஆத்துக்கு இடம் விடச் சொன்னால் விடுறன். எனக்கு எங்கை இடம் எண்டும் அந்தப் படத்திலை கீறிக் காட்டுங்கோ, மிஸ்.”

என்னை ‘மிஸ்’ என்று கூப்பிட்டாள். நான் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதில் பச்சை இருந்தது, வீதியின் கோடு இருந்தது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு எஞ்சுகிறது என்று ஒவ்வொரு காணிக்கும் நாங்கள் கீறிப் பார்க்கவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு நடந்திருந்தோம். “நீங்கள் சொன்னதைக் குறிச்சுக்கொண்டம்” என்று மட்டும் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

அடுத்த கிழமை அலுவலகத்தில், என்னோடு வேலை செய்கிற, படம் வரைகிற பெண்ணோடு இருந்து கரையோரக் காணிகள் எல்லாவற்றையும் கீறிப் பார்த்தோம். அக்கா சொன்னது சரி. பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து வந்த காணிகள் நாடாத் துண்டுகள்போல ஆற்றை நோக்கி நீண்டு கிடந்தன. முன்னாலும் பின்னாலும் வெட்டினால் பலவற்றில் ஓர் அறை வைக்கத்தான் இடம். இப்படியே சட்டம் வந்தால் சனம் அதை மீறத்தான் போகிறது. மீறினால் ஆற்றுக்கும் நன்மையில்லை. காணிகளுக்கு முன்னால் போகிற ஒழுங்கை அகலிக்கப்போகிற பாதை இல்லை. ஆகவே வீதிப் பக்கம் விடவேண்டிய தூரத்தைக் குறைத்தால் வீட்டை முன்னுக்குத் தள்ளலாம். பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பொதுவாக வைக்கலாம். ஒதுக்கத்துக்குள் வரும் நிலம் சொந்தக்காரரிடமே இருக்கலாம். மரம் வைக்கலாம், கீரை போடலாம், நெல் விதைக்கலாம். வேலி போடலாம், மதில்தான் கூடாது. இதையெல்லாம் மேலே எடுத்துப் போய்க் கதைத்தது அந்தப் பெண்தான். நான் வெளியே இருந்தேன். மேலதிகாரி உடனே ஓம் என்று சொல்லவில்லை. இது இன்னொரு கூட்டம், இன்னொரு குழு என்று இழுபட்டது.

அதற்குள் மாரி தொடங்கிவிட்டது.

அக்கா திரும்பிப் போகவேண்டிய நாள் வந்தது. அவள் பயணத்தைத் தள்ளிப்போட்டாள். விடாமல் பெய்த மழைக்கு அடுத்த காலை, நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க ரீச்சர் அழைத்தார்.

“பிள்ளை, தண்ணி விறாந்தைக்கு ஏறிட்டுது. இவரைத் தூக்க ஆளில்லை.”

நான் கதைத்து முடிக்கும் முன்பே அக்கா சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றாள்.

என் கணவர் ஓட்டோவைப் பிடித்தார். ஒழுங்கை முகப்போடு ஓட்டோ நின்றுவிட்டது. அதற்கு மேல் முழங்கால் தண்ணீர். நாங்கள் மூன்றுபேரும் நடந்தோம். அக்காவின் காணியைக் கடந்து போகையில் பார்த்தேன். ஆறு தன் கரையை விட்டு வெளியே வந்து, வளவின் பின்பாதி முழுக்க ஆழமில்லாமல் விரிந்து, மருத மரங்களின் அடியைச் சுற்றிக்கொண்டு நின்றது. அக்காவும் பார்த்தாள். நடையைத் தளர்த்தவில்லை.

ரீச்சர் வீட்டில் தண்ணீர் அறைக்குள் வந்திருந்தது. அவருடைய கணவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுபவர், கட்டிலில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சு வரும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தேடிப் பிடித்து வரும். அக்கா போய் அவருடைய நல்ல பக்கத்தில் நின்றாள்.

“அண்ணை, நான் உங்களைத் தூக்கப்போறன். கையை என்ரை கழுத்திலை போடுங்கோ. பயப்பிடாதேங்கோ.”

“பாரம்… பிள்ளை.”

“இல்லை. நான் இதைவிடப் பாரம் தூக்கினனான்.”

அவள் எப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தன் முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, ஒரு கையை அவருடைய முதுகுக்குக் கீழே கொடுத்து, ஒரு மூச்சில் அவரை இருத்திவிட்டாள். அந்தக் கையில் அவசரமே இல்லை. கதிரையில் ஏற்றி, ஒரு சேலையால் கட்டி, முன்னால் என் கணவரும் பின்னால் நானும் ரீச்சருமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவருடைய கால்கள் தண்ணீரில் படாமல் அக்கா தன் கையால் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். வழியில் எனக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தானின் நினைவு வந்தது. கடைசி மாதங்களில் அவரையும் இப்படித்தான் தூக்கியிருப்பாள் என்று பட்டது. நான் அங்கே இருக்கவில்லை.

வெள்ளம் வடியாததற்குக் காரணம் தெளிவாகவே தெரிந்தது. கீழ்க்காணியின் மதில் ஆற்றங்கரை வரைக்கும் குறுக்கே நின்றது. வந்த தண்ணீரெல்லாம் அதில் முட்டி ரீச்சர் வளவுக்குத் திரும்பியது. சொந்தக்காரர் வெளிநாட்டில். அவரோடு தொலைபேசியில் கதைத்தோம். தன்னுடைய காணிக்குள் வெள்ளம் வராமலிருக்கத்தான் கட்டினேன் என்றார். அதுவும் உண்மைதான், வேண்டுமென்று யாரையும் வெள்ளத்தில் தள்ளக் கட்டியவர் இல்லை. ரீச்சரின் கணவரைத் தூக்கிக்கொண்டு போன படத்தை யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, “உடையுங்கோ” என்றார். மேசன் ஒருவர் போய் ஆற்றுப் பக்கத்து மதிலைத் திறந்துவிட்டார். பின்னேரமே ரீச்சரின் விறாந்தை தண்ணீருக்கு வெளியே வந்தது.

ஆனால் வீடு காய வேண்டும். ரீச்சரும் கணவரும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு மழைச் சத்தமும், கொடியில் தொங்கிய ஈரத் துணிகளும், புட்டு அவிகிற மணமும்தான் வருகிறது. அக்கா அண்ணையைக் கழுவினாள், திருப்பிப் படுக்கவைத்தாள், வாயைத் துடைத்தாள். அவர் ஒரு சொல்லைத் தேடும்போது எல்லோரும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க முந்துவோம். அக்கா முந்தமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, அவர் கண்டுபிடிக்கும் மட்டும் காத்திருப்பாள். அவரிடம்தான் அத்தானைப் பற்றி அவள் முதன்முதலாக நீளமாகக் கதைத்தாள். நான் குசினியில் தேங்காய் துருவியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பனிக் காலத்தில் உறைந்த ஏரிக் கரைக்குப் போய்க் காரை நிறுத்தி, இறங்காமல் பார்த்துக்கொண்டிருப்பாராம். “கடல் செத்துப்போய்க் கிடக்கு” என்பாராம்.

ஒரு நாள் அவள் அந்தத் தாளை எடுத்து அண்ணையிடம் காட்டினாள். அவர் நல்ல கையால் வாங்கி, கிட்டப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

“வடிவாக்… கீறியிருக்கிறார்.”

“ஓம்.”

“குசினி யன்னல்… மேற்கை.”

“ஆறு அந்தப் பக்கம்தானே, அண்ணை.”

“பின்னேர வெய்யில்… முகத்திலை அடிக்கும். சமைக்க… ஏலாது.”

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வந்த நாள் தொடக்கம் நான் கேளாத சிரிப்பு. “அவர் ஒருநாளும் சமைச்சதில்லை, அண்ணை. ஒரு நாள்கூட இல்லை” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. ரீச்சர் எழும்பிப் போய் அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அண்ணை தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாகக் கலங்கி, “பிள்ளை… பிள்ளை…” என்றார். “இல்லை அண்ணை, நீங்கள் சொன்னது சரி” என்று அக்கா அவருடைய கையைத் தடவினாள். நான் தேங்காய்ப் பாதியோடு குசினி வாசலில் நின்றேன்.

அன்று பின்னேரம் மழை விட்டிருந்தது. “வா, காணியைப் பாத்திட்டு வருவம்” என்றாள் அக்கா. இந்த முறை என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் முழுதாக வடியவில்லை. புல் தண்ணீருக்குள் படுத்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. வெள்ளைக் கொக்குகள் கால் வைத்துக் கால் வைத்து நடந்தன. தாழம் பற்றைக்குள் ஏதோ குஞ்சு கத்தியது. அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்றாள்.

“உனக்கொண்டு சொல்லுறன். அவர் இருந்திருந்தால் நாங்கள் இதிலைதான் கட்டியிருப்பம். நீ சட்டம் சொன்னாலும் உன்னோடை சண்டை பிடிச்சிருப்பம். தண்ணி வந்தால் அவர் வள்ளத்தைக் கொண்டுவந்து குசினிக்குள்ளை கட்டியிருப்பார்.”

“தெரியும்.”

“இப்ப நான் தனிய. இரவிலை தண்ணி ஏறினால் நான் ஆரைக் கூப்பிடுறது?”

“என்னை.”

“உன்னைத்தான். ஆனால் கூப்பிடாமல் இருக்கிற மாதிரி ஒரு வீடு கட்டுவம்.”

சட்டம் நல்லது என்று அவள் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொன்னதில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

திருத்தங்களோடு திட்டம் நிறைவேற மேலும் சில மாதங்கள் எடுத்தன. எல்லோருக்கும் அது பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஏற்கனவே மண் நிரப்பியவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சிலர் இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஆனால் ஒழுங்கையோரம் வீட்டை முன்னுக்குத் தள்ளலாம் என்ற பிறகு, கரையில் கட்டத்தான் வேண்டும் என்று நின்ற பலர் அமைதியானார்கள். மதில் திறந்த சொந்தக்காரர் அதைத் திரும்பக் கட்டவில்லை. கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்டு உயிர்வேலி போடச் சொல்லிவிட்டார். அக்காவின் விண்ணப்பம் வந்தபோது நான் என் மேசையை விட்டு எழும்பி வெளியே போய் நின்றேன். பார்த்த அதிகாரி மலசலகூடக் குழியை இன்னும் முன்னுக்கு எடுக்கச் சொல்லி ஒரு தரம் திருப்பியும் அனுப்பினார். அன்றிரவு அக்கா எனக்கு விட்ட பேச்சு இருக்கிறதே!

வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு குசினி. பின்னால் அகலமான விறாந்தை. அதிலிருந்து பார்த்தால் வளவு நீளமாகச் சரிந்து ஆறு வரைக்கும் தெரியும். குடிபுகுந்த அன்று குருநகரிலிருந்து சுவாமியாரும் எங்கள் திருச்சபைப் போதகரும் வந்து ஆளுக்கொரு ஜெபம் செய்தார்கள். அண்ணையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ரீச்சர் வந்தார். பின்வளவில் அக்கா மாமரமும் நாவலும் வைத்தாள். வெட்டுப்பட்ட இடங்களில் தாழை தானாகவே முளைத்து வந்தது.

இந்த ஆண்டு கோடை முடிகிற நேரம், நான் அலுவலகத்தில் இருக்கையில் அக்கா அழைத்தாள். கோபமான குரல்.

“உடனை வா. என்ரை கீரைப் பாத்தியை ஆமை ஒண்டு கிண்டிப்போட்டுது.”

“ஆமையோ?”

“ஆமைதான். விடியக் கதவைத் திறக்கிறன், பின்னங்காலாலை மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கு. நான் பக்கத்திலை போயும் அசையேல்லை. முட்டை போட்டு மூடிப்போட்டு, ஆறு கிடந்த பக்கம் மெல்ல மெல்லப் போயிட்டுது. உங்கடை திட்டத்திலை ஆமைக்கு என்ன எழுதியிருக்கிறியள்?”

“ஆமைக்கெண்டு தனிய ஒண்டும் எழுதேல்லை அக்கா.”

“அப்ப நான்தான் பாக்கவேணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

வேலை முடிந்து போனேன். நாய்கள் கிண்டாமல் இருக்க, பாத்தியைச் சுற்றி அவள் முள்ளுக் கிளைகளை அடுக்கியிருந்தாள். கைகளெல்லாம் கீறல். ரீச்சர் அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். அண்ணை விறாந்தையில் இருந்தபடி, பாத்திக்குக் கிட்டப் போன என்னைப் பார்த்து, “மெல்ல… மெல்ல” என்றார். மிதிக்காமல் இருக்க நான் சுற்றிக்கொண்டு போனேன்.

“இந்தக் கிழமைக்கு உனக்குக் கீரை இல்லை” என்றாள் அக்கா. “இரு, பருப்புத்தான் வைச்சிருக்கிறன். சாப்பிட்டிட்டுப் போ.”